நீட் தேர்வுக்கு எந்தப் புத்தகம், எப்படிப் படிப்பது: தமிழ்வழி மாணவர்களுக்கு முழு வழிகாட்டி

மூன்று வருடம் முன்பு, ஒரு பொங்கல் விடுமுறையில், பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி தன் அப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். கட்டைப்பை நிறையப் புத்தகம். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினாள். மொத்தம் 14. "சார், யார் யாரோ சொன்னதையெல்லாம் வாங்கிக் குடுத்துட்டேன். மாடல் டெஸ்ட்ல 210-ஐத் தாண்ட மாட்டேங்குது" என்றார் அப்பா.

நான் புத்தகங்களைத் திறக்கவில்லை. அடுக்கியபடியே பக்கவாட்டில் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முதல் முப்பது நாற்பது பக்கங்களின் ஓரம் மட்டும் விரல் பட்டு அழுக்கேறியிருந்தது. மீதி, அச்சகத்திலிருந்து வந்தபடியே வெள்ளை வெளேரென்று இருந்தது. 14 புத்தகத்திலும் அவள் முதல் இரண்டு பாடங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். புதுப் புத்தகம் வாங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தோன்றும், அதுதான் நடந்திருக்கிறது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். பள்ளி விட்டபின் நீட் எழுதும் பிள்ளைகளோடு உட்காருவது பல வருடப் பழக்கம். எந்தப் புத்தகம் நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். ஒரு புத்தகத்தை மூன்று தடவை முடிக்க நாள் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முடிக்க முடியாத புத்தகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

முதல் படி: தேர்வின் கணக்கைக் கையில் எழுதிப் பாருங்கள்

நீட் இளநிலைத் தேர்வில் 180 கேள்விகள், 720 மார்க், 180 நிமிடம். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90. சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு 1 மார்க் குறையும், தொடாமல் விட்டால் ஒன்றுமில்லை. 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடையளிக்கச் சொன்னார்கள். 2025-லிருந்து அந்தத் தேர்வுரிமை கிடையாது, 180-ம் கட்டாயம். கடையில் இன்னும் பழைய முறையில் அச்சான மாடல் டெஸ்ட் புத்தகங்கள் கிடக்கின்றன. வாங்கும் முன் அட்டையைப் பார்க்காமல் உள்ளே ஒரு தேர்வைப் புரட்டிக் கேள்விகளை எண்ணிப் பாருங்கள்.

720-ல் 360 உயிரியல். அதாவது பாதி. இரண்டு பேர் ஒரே மார்க் எடுத்தால் முதலில் பார்க்கப்படுவதும் உயிரியல் மார்க்தான். கணக்கில் பயம் உள்ள பிள்ளைகளுக்கு இதை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அப்புறம் இலக்கு. "முடிஞ்ச அளவு எடுப்போம்" என்பது இலக்கு ஆகாது. தமிழ்நாடு மருத்துவத் தேர்வுக்குழு ஒவ்வொரு வருடமும் தரவரிசைப் பட்டியலையும் இடம் ஒதுக்கிய விவரத்தையும் வெளியிடுகிறது. உங்கள் பிரிவில் கடைசியாக அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தவரின் மார்க் என்ன என்று கடந்த இரண்டு மூன்று வருடத்துக்குப் பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதற்குத் தனிப் பட்டியல், தனி மார்க். தேர்வு எளிதா கடினமா என்பதைப் பொறுத்து அந்த மார்க் ஏறி இறங்கும், அதனால் ஒரே வருடத்தை நம்பாதீர்கள்.

இரண்டாம் படி: பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்

தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைத் திருத்தியது. இயற்பியல் 20 அலகு, வேதியியல் 20 அலகு, உயிரியல் 10 அலகு. வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள், ஹைட்ரஜன், எஸ் தொகுதித் தனிமங்கள் போன்றவை போய்விட்டன. உயிரியலில் கனிம ஊட்டம், தாவரங்களில் கடத்துமுறைகள், செரிமானமும் உறிஞ்சுதலும் போன்றவை போயின.

நம் மாநிலப் பாடநூலில் இவற்றில் பல இன்னும் இருக்கின்றன, பள்ளித் தேர்வுக்குப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நீட்டுக்காக உட்காரும் நேரத்தில் இவற்றைத் தொடக் கூடாது. பழைய வினா வங்கிகளில் இந்தப் பாடங்களுக்கே நூற்றுக்கணக்கான கேள்விகள் இருக்கும். பென்சிலால் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. பாடத்திட்டத்தில் மால்வேசி, குருசிஃபெரே, லெகுமினோசே, காம்போசிடே, கிராமினே என்று தாவரக் குடும்பங்களின் பெயர் இருக்கிறது. மத்திய அரசின் என்சிஇஆர்டி நிறுவனம் வெளியிடும், இப்போது குறைக்கப்பட்ட புதிய பாடநூலில் விரிவாக இருப்பது சொலானேசி மட்டும். புத்தகம் முழுவதையும் படித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கும் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். அதனால் டிக் அடிக்க வேண்டியது பாடத்திட்டத்தில், புத்தகத்தின் பொருளடக்கத்தில் அல்ல. ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் "எங்கே படிக்கிறேன்" என்று புத்தகமும் பக்க எண்ணும் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போகும், போகட்டும்.

மூன்றாம் படி: புத்தகங்கள், மொத்தம் ஐந்து வகை

முதலாவது, என்சிஇஆர்டி 11, 12-ஆம் வகுப்புப் புத்தகங்கள். இயற்பியல், வேதியியல் இரண்டும் வருடத்துக்கு இரண்டு பாகம். உயிரியல் வருடத்துக்கு ஒன்று. அவர்களின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் உயிரியல் இரண்டையும் அச்சுப் புத்தகமாகவே வாங்குங்கள். கோடு போட வேண்டும், ஓரத்தில் எழுத வேண்டும், அதை போனில் செய்ய முடியாது.

பதிப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். அக்கா, அண்ணன் படித்த பழைய புத்தகத்தை வைத்தே சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு 2024-ல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருட இயற்பியல் தாளில் அணுவைப் பற்றி இரண்டு கூற்றுகள் கொண்ட ஒரு கேள்வி. இரண்டாவது கூற்று, ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்கின்றன என்பது. பழைய என்சிஇஆர்டியில் இந்த வரி அப்படியே இருந்தது, புதிய பதிப்பில் மாற்றிவிட்டார்கள். கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையானவை இல்லை என்பதால் கூற்று தவறு. பழைய புத்தகத்தை நம்பியவர்கள் இரண்டு கூற்றும் சரி என்று குறித்தார்கள். முதலில் இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஐஐடி டெல்லியின் மூன்று நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்று சொன்னபின் பட்டியல் மாறியது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைக்கு 5 மார்க் இழந்தார்கள், கிடைத்த 4-ம் போய் 1 கழிந்தது. 720-க்கு 720 என்று இருந்த 61 பேரில் 44 பேர் கீழே இறங்கினார்கள். ஒரு சொல் மாறியதற்கு இத்தனை விலை.

இரண்டாவது, நம் மாநிலப் பாடநூல்கள். 2018, 2019-ல் வந்த புதிய 11, 12 புத்தகங்களைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழில் தெளிவாகப் புரியவைக்க அதைவிட நல்ல துணை உங்களுக்குக் கிடையாது. புரிந்துகொள்ள மாநிலப் பாடநூல், விடை சொல்ல என்சிஇஆர்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரு விஷயத்தில் வேறுபட்டால் நீட்டில் என்சிஇஆர்டி பக்கம் நில்லுங்கள்.

மூன்றாவது, பழைய நீட் வினாத்தாள்கள், 2016-லிருந்து. நான்காவது, என்சிஇஆர்டியே வெளியிடும் எக்ஸம்ப்ளார் பயிற்சிப் புத்தகங்கள், இதுவும் இணையத்தில் இலவசம். ஐந்தாவது, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆளுக்கு ஒரு வினா வங்கி, எந்தப் பதிப்பகமானாலும் சரி. விடையோடு வழிமுறையும் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையிலேயே நின்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தைத் திறந்து 5 கேள்வியின் விளக்கத்தைப் படியுங்கள். உங்களுக்குப் புரிகிறபடி இருந்தால் வாங்குங்கள். "விடை 2, வழிமுறைப்படி சரி" என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஐஐடி நுழைவுத் தேர்வுக்கான தடித்த இயற்பியல் புத்தகங்கள் வேண்டுமா? கணக்கு கைவந்த பிள்ளை ஒன்றிரண்டு பேருக்கு உதவும். மற்றவர்களுக்கு அது மூன்று மாதத்தை விழுங்கிவிடும்.

நான்காம் படி: தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே ஒரு பாலம்

தமிழ்வழியில் படித்தவர்கள் நீட்டைத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாள் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் இருக்கும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பாமல், விண்ணப்பிக்கும்போதே மொழியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி.

இந்த விதியின் கனம் 2018-ல் தெரிந்தது. அந்த வருடத் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 196 கருணை மார்க் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு மார்க்கும் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

40 பக்க நோட்டு ஒன்று போதும். நடுவில் கோடு. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் அதன் ஆங்கிலச் சொல், ஆங்கில எழுத்திலேயே. உந்தம் என்றால் மொமெண்டம், கணத்தாக்கு என்றால் இம்பல்ஸ், திசைவேகம் என்றால் வெலாசிட்டி, மின்தேக்கி என்றால் கெபாசிட்டர், நொதி என்றால் என்சைம், அகத்தோல் என்றால் எண்டோடெர்மிஸ். ஒவ்வொரு பாடத்துக்கும் 15 முதல் 20 சொல்தான் வரும். என்சிஇஆர்டி வாசிக்கும்போது முதல் ஒரு மாதம் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். பயப்படாதீர்கள். அறிவியல் புத்தகத்தின் ஆங்கிலம் குறுகிய வட்டம், அதே சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். இரண்டாம் மாதம் பத்து நிமிடத்துக்கு வந்துவிடும்.

தேர்வறையில் தமிழில் கேள்வியை வாசியுங்கள். ஏதாவது ஒரு சொல் இடறினால் உடனே ஆங்கில வடிவத்தைப் பாருங்கள். அதற்குத்தான் இந்த நோட்டு.

ஐந்தாம் படி: உயிரியலை வரிவரியாகப் படிப்பது எப்படி

"என்சிஇஆர்டியை வரிவரியாகப் படி" என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படி என்று யாரும் உட்கார்ந்து காட்டுவதில்லை. ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். 11-ஆம் வகுப்பில், வேரின் உள்ளமைப்பு. அங்கே மூன்று வாக்கியம் வருகிறது. புறணியின் மிக உள்ளடுக்கு அகத்தோல். அது செல் இடைவெளி இல்லாத, பீப்பாய் வடிவச் செல்களால் ஆன ஒற்றை அடுக்கு. அந்தச் செல்களின் டேன்ஜென்ஷியல் சுவரிலும் ரேடியல் சுவரிலும் நீர் புகாத, மெழுகு போன்ற சூபரின் காஸ்பேரியன் பட்டைகளாகப் படிந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு "காஸ்பேரியன் பட்டை, அகத்தோல்" என்று மட்டும் மனதில் வைத்தால் பள்ளித் தேர்வுக்குப் போதும். நீட்டுக்குப் போதாது. பென்சிலை எடுத்துக் கேள்வியாக மாற்றுங்கள். அகத்தோல் எதன் உள்ளடுக்கு? எத்தனை அடுக்கு? செல்லின் வடிவம்? இடைவெளி உண்டா? எந்தெந்தச் சுவரில் படிவு? படிவது லிக்னினா சூபரினா? நீர் புகுமா? மூன்று வாக்கியத்தில் ஏழு கேள்வி. தேர்வில் இதே வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி "கூற்று சரியா தவறா" என்று கேட்பார்கள். பக்க ஓரத்தில் இந்தக் கேள்விகளைச் சுருக்கி எழுதிவிட்டு, மறுநாள் பாடத்தை மூடிவைத்து ஓரத்தை மட்டும் பார்த்து விடை சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத இடத்தை மட்டும் மறுபடி படியுங்கள்.

மஞ்சள் மார்க்கர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. முதல் வாசிப்பில் மார்க்கர் கூடவே கூடாது. எது முக்கியம் என்று அப்போது தெரியாது, பக்கமே மஞ்சளாகிவிடும். பழைய வினாக்களைப் போட்டபின், கேட்கப்பட்ட வரியை மட்டும் அடிக்கோடிடுங்கள். அப்போதுதான் எந்த மாதிரி வரியிலிருந்து கேள்வி பிறக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

படங்களையும் அட்டவணைகளையும் விட்டுவிடாதீர்கள். படத்தின் பெயர்களை மறைத்துவிட்டு எழுதிப் பழகுங்கள்.

ஆறாம் படி: இயற்பியலும் வேதியியலும்

வேதியியலை ஒரே பாடமாக நினைக்காதீர்கள், அது மூன்று. கனிம வேதியியலுக்கு உயிரியல் மாதிரி என்சிஇஆர்டி வரிகள். இயற் வேதியியலுக்குத் தினமும் 10 கணக்கு. கரிம வேதியியலுக்கு வினைகளை வெள்ளைத்தாளில் சங்கிலியாக எழுதிப் பார்ப்பது. எழுதாமல் பார்த்துப் படித்த வினை மூன்றாம் நாள் மறந்துபோகும்.

இயற்பியலில் 2025 தாள் பலரைக் கலங்கடித்தது. அதற்காகப் பயந்து விட்டுவிடுவது சரியல்ல. குறைகடத்திகள், அணுவும் அணுக்கருவும், கதிர்வீச்சின் இருமைப் பண்பு, மின்னோட்டவியல் என்று சூத்திரம் குறைவாக உள்ள அலகுகளில் தொடங்குங்கள். 45-ல் 10, 12 கேள்வி கையில் வந்துவிட்டது என்று தெரிந்தால் தைரியம் தானாக வரும். இயந்திரவியலை அதன் பிறகு எடுக்கலாம். இது பல ஆசிரியர்கள் சொல்லும் வரிசைக்கு நேர் எதிர், எனக்குத் தெரியும். ஆனால் இயந்திரவியலில் தொடங்கி இரண்டாம் மாதமே இயற்பியலைக் கைவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கால்குலேட்டர் கிடையாது. அதனால் வீட்டிலும் வேண்டாம். 2-ன் மடக்கை 0.301, 3-ன் மடக்கை 0.477, 2-ன் வர்க்கமூலம் 1.414, 3-ன் வர்க்கமூலம் 1.732 இவையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி நாவில் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: தவறு நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

அந்தப் பெண்ணின் 210 மார்க் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு அன்று மதியம் உட்கார்ந்தோம். 165 கேள்விக்கு விடை குறித்திருந்தாள். 75 சரி, 90 தவறு. 300-ல் 90 போக 210. தவறான 90-ஐயும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். "ஏம்மா, இது தெரியாதா, தெரிஞ்சும் தப்பா?" ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போட்டாள். தெரியாததற்குத் தெ. படித்தும் குழம்பியதற்குக் கு. அவசரத்தில் கேள்வியைத் தப்பாக வாசித்ததற்கு அ. கணக்குப் பிசகியதற்குக் க.

மூன்று மணி நேரத்துக்குப் பின் எண்ணினோம். தெ 34, கு 31, அ 16, க 9. அதாவது 56 கேள்வி அவள் ஏற்கெனவே படித்ததில் போயிருக்கிறது. தவறு ஒன்று சரியானால் கழிந்த 1 திரும்பி வந்து 4-ம் சேரும், ஆக 5 மார்க். 56 கேள்விக்கு 280 மார்க். புதிதாக ஒரு பக்கம்கூடப் படிக்காமலேயே 210-ஐ 490 ஆக்கும் அளவுக்கு அவளுக்குள் பாடம் இருந்தது. 15-வது புத்தகம் வாங்கியிருந்தால் இதில் ஒரு மார்க்கும் திரும்பியிருக்காது.

ஒரு உதாரணம். ஒரு கம்பியை இழுத்து நீளத்தை இரண்டு மடங்காக்கினால் மின்தடை எத்தனை மடங்காகும்? அவள் 2 என்று குறித்திருந்தாள். மின்தடை நீளத்துக்கு நேர்விகிதம், குறுக்குப்பரப்புக்கு எதிர்விகிதம், அது அவளுக்குத் தெரியும். இழுக்கும்போது கம்பியின் கனஅளவு மாறாது, நீளம் இரட்டித்தால் பரப்பு பாதியாகும், ஆகவே விடை 4. நோட்டில் கேள்வியை முழுக்க எழுதவில்லை. "கு. இழுத்தால் பரப்பும் மாறும்" என்று ஒரே வரி. அவ்வளவுதான் எழுத வேண்டும். நீளமாக எழுதினால் நாலாம் நாள் நின்றுவிடும்.

ஞாயிறுதோறும் அந்த வார வரிகளை வாசியுங்கள். தெ அதிகமானால் பாடம் படிக்க வேண்டிய வாரம். கு அதிகமானால் அதே பாடத்தை என்சிஇஆர்டியில் மறுபடி, அதற்கே உரிய பழைய வினாக்களோடு. அ, க இரண்டும் கூடினால் புத்தகத்தை மூடிவிட்டு நேரம் வைத்து டெஸ்ட் எழுதுங்கள். அடுத்து என்ன படிப்பது என்று நண்பனிடமோ யூடியூபிலோ கேட்க வேண்டாம், நோட்டே சொல்லிவிடும்.

அந்தப் பெண் 5 புத்தகத்தை வைத்துக்கொண்டு மீதி 9-ஐச் சணல் கயிற்றால் கட்டிப் பரணில் போட்டாள். அந்த மே மாதம் 372 எடுத்தாள்.

எட்டாம் படி: டெஸ்டும் நேரமும்

பழைய வினாத்தாளை முதலில் பாடவாரியாகப் போடுங்கள். பாடம் முடித்த அன்றே. கடைசி நான்கைந்து வருடத் தாள்களை மட்டும் தொடாமல் வைத்திருந்து, இறுதி மாதத்தில் முழுத் தேர்வாக எழுதுங்கள்.

முழுத் தேர்வை எப்போதும் மதியம் 2 மணிக்குத் தொடங்குங்கள். நீட் நடப்பது அந்த நேரத்தில்தான், அதுவும் மே மாத வெயிலில். சாப்பிட்டபின் கண் சொருகும் வேளை. காலையில் எழுந்து தெளிவாக எழுதிய டெஸ்ட் மார்க்கை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

180 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். உயிரியல் 50, வேதியியல் 50, இயற்பியல் 60, மீதி 20 நிமிடம் சரிபார்க்க. ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைக்காதீர்கள், ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை நிரப்பிவிடுங்கள். பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது. வீட்டிலும் ஓஎம்ஆர் நகல் வைத்தே எழுதிப் பழகுங்கள், ஒரு தாள் ஒரு ரூபாய்தான்.

ஊகித்து எழுதலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கணக்கு இதுதான். ஒன்றுமே தெரியாமல் 4 கேள்விக்குக் குறித்தால் சராசரியாக 1 சரி, 3 தவறு, லாபம் 1 மார்க். அதற்குச் செலவாகும் நேரத்துக்கு அது ஈடாகாது. ஆனால் நாலில் இரண்டு விடை நிச்சயம் இல்லை என்று அடித்துவிட முடிந்தால், 2 கேள்விக்கு 1 சரி, 1 தவறு, லாபம் 3. ஆகவே இரண்டை அடிக்க முடிந்தால் குறியுங்கள், முடியாவிட்டால் கடந்து போங்கள்.

ஒன்பதாம் படி: மாதக் கணக்கு

பிளஸ் ஒன்னில் இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிடாதீர்கள். சில பள்ளிகள் அந்த வருடத்திலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுகின்றன. நீட் கேள்விகளில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து. அதை இழந்தவர்களுக்குப் பிளஸ் டூவில் மூச்சு முட்டுகிறது.

பிளஸ் டூவில் தொடங்குபவர்கள் ஜூன் முதல் டிசம்பர் வரை பள்ளியில் நடக்கும் பாடத்தோடு நடங்கள், வார இறுதியில் மட்டும் பிளஸ் ஒன் உயிரியல். ஜனவரி, பிப்ரவரி முழுக்கப் பொதுத் தேர்வுக்கு. இயற்பியல், வேதியியல், உயிரியலில் குறைந்தபட்ச மார்க் இல்லாமல் நீட் மார்க்குக்கு மதிப்பே இல்லை, பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. பொதுத் தேர்வு முடிந்தபின் ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கும். அதில் முதல் 20 நாள் உயிரியல் முழு ரிவிஷனும் தவறு நோட்டும், மிச்ச நாள் ஒருநாள் விட்டு ஒருநாள் முழுத் தேர்வு. டெஸ்ட் இல்லாத நாளில் முந்தின டெஸ்டின் தவறுகளை மட்டும் பாருங்கள்.

ஏழு மணி நேரம் தூங்குங்கள். இதில் நான் யாரிடமும் சமரசம் செய்வதில்லை.

கோச்சிங் கட்டாயமா?

இல்லை. சரியான ஆள் கிடைத்தால் உதவும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி நடக்கிறது, உங்கள் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகமும் ஐஐடி கான்பூரும் சேர்ந்து நடத்தும் சாத்தி இணையதளமும் இலவசம். பணம் கட்டிச் சேர்வதாக இருந்தால் அங்கே படிக்கும் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: டெஸ்ட் முடிந்த மறுநாள் உன் தவறை உன்னோடு உட்கார்ந்து யாராவது பேசுகிறார்களா? இல்லை என்றால், அந்தப் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணத்துக்கு, ஆளுக்கு மூன்று கிலோ அச்சடித்த மெட்டீரியல் மட்டும் கையில் கொடுத்து அனுப்பிய இடம் எனக்குத் தெரியும். பெயர் சொல்ல வரவில்லை, கேட்டுவிட்டுச் சேருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசி வாரமும் அதன் பிறகும்

கடைசி ஏழு நாளில் புதுப் பாடம் வேண்டாம், புது டெஸ்டும் வேண்டாம். உயிரியல் புத்தக ஓரக் குறிப்பு, சூத்திர நோட்டு, தவறு நோட்டு, இருமொழி நோட்டு. இந்த நாலுதான் மேசையில் இருக்கலாம். தேர்வு மையத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். மதியம் 1.30-க்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள், ஒரு நிமிடம் தாமதமானாலும் திறக்க மாட்டார்கள். நுழைவுச் சீட்டில் உடை, காலணி, கொண்டுவர வேண்டிய போட்டோ பற்றி எழுதியிருப்பதை அம்மாவையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். பேனா அங்கேயே தருவார்கள்.

வினாத்தாளை வீட்டுக்கு எடுத்துவரலாம். அதனால் ஓஎம்ஆரில் குறித்த விடையை வினாத்தாளிலும் சிறிதாகக் குறித்து வையுங்கள். சில வாரத்தில் தேர்வு முகமை விடைக்குறிப்பையும் உங்கள் ஓஎம்ஆர் நகலையும் இணையத்தில் போடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விடைக்குறிப்பு தவறு என்று புத்தகத்தைக் காட்டி நிரூபிக்க முடிந்தால், ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். பணம் திரும்ப வராது, கொடுக்கும் அவகாசமும் சில நாள்தான். அதனால் தேர்வு முடிந்த கையோடு புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடாமல், பட்டியல் வரும்வரை பத்திரமாக வையுங்கள்.